தோல் மருத்துவர் பதில்கள்: துக்கத்துக்கு மூன்று மாதம் பிந்தி உதிரும் முடி

முடி உதிர்வு பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போர்வெல் தண்ணீரைக் குற்றம் சொல்லித் தொடங்கி, நடுவில் ஒரு மரணத்தையோ, வேலை பறிபோகும் பயத்தையோ, வீட்டுச் சண்டையையோ போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டு, மறுபடியும் தண்ணீருக்கே திரும்பியிருந்தன. அந்த நடுப்பத்திகளுக்குத்தான் இந்த மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் வயது 38. ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் என் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். காரியங்கள், வங்கி, இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று அலைந்துகொண்டிருந்தபோது எதுவும் தெரியவில்லை. இரண்டு மாதங்களாகத் தலைக்குக் குளித்தால் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு முடி கொட்டுகிறது. டேங்கர் தண்ணீர்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். ஷாம்பூவை மாற்று என்கிறார் நாத்தனார். அவரே போய்விட்ட பிறகு, முடி கொட்டுகிறது என்று டாக்டரிடம் போய் நிற்பதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. வழுக்கையாகிவிடுவேனா?

பதில்: வழுக்கையாக மாட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளே பாதி விடையைச் சொல்கின்றன. விபத்து நடந்தது ஐந்து மாதங்களுக்கு முன். முடி கொட்டத் தொடங்கியது இரண்டு மாதங்களுக்கு முன். இடையில் மூன்று மாதங்கள் இருக்கின்றன. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. அவற்றில் பத்துக்கு ஒன்பது பங்கு எப்போதும் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும்; அந்தப் பருவம் ஒவ்வொரு முடிக்கும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். மீதியுள்ளவை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சுமார் 3 மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு விழும். அந்தக் குழியில் புதிய முடி முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்று சொல்வது இதனால்தான். உடலுக்கோ மனத்துக்கோ பேரதிர்ச்சி ஏற்படும்போது, இன்னும் பல ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டிய முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குத் தள்ளப்படுகிறது. அவை அன்றே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் வேரில் தங்கியிருந்துவிட்டு, பிறகு மொத்தமாக விழுகின்றன. அதற்குள் நாம் வேறு கவலைக்குப் போய்விடுகிறோம். ஆகவே பழி போன வாரம் வாங்கிய ஷாம்பூவின் மேல் விழுகிறது.

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதை விவரித்து, டீலோஜென் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், பிரசவத்துக்குப் பின்னும், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின்னும் முடி கொட்டுவதும் இதே கணக்கில்தான். கொரோனா வந்து குணமானவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பும் கையுமாக எங்களிடம் வந்தார்கள்.

மனவேதனை எப்படி முடிவேர் வரை போய்ச் சேருகிறது என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யா-சியே சு தலைமையிலான குழு 2021-இல் 'நேச்சர்' இதழில் ஒரு வழியைக் காட்டியது. நெடுநாள் அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் இரத்தத்தில் அட்ரினல் சுரப்பி விடும் அழுத்த ஹார்மோன் கூடுகிறது. அது முடிக்குழியின் அடியில் உள்ள செல்களிடம் போய், ‘காஸ் 6’ என்ற புரதம் சுரக்காதபடி தடுத்துவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாததால் முடியை முளைக்க வைக்கும் மூலச் செல்கள் விழிக்காமல் கிடக்கின்றன. புரதத்தைத் தோலில் திரும்பக் கிடைக்கச் செய்தபோது, அழுத்தத்தில் இருந்த எலிகளுக்கும் முடி முளைத்தது. மனிதரிடமும் அப்படியே நடக்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனாலும், ‘எல்லாம் உன் கற்பனை’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், கற்பனை இல்லை என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். டேங்கர் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கலாம். அப்படிப்பட்ட முடி சீவும்போது நடுவில் ஒடியவும் செய்யலாம். வேரோடு விழுவதற்கு அது காரணமில்லை. இதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ள முடியும். விழுந்த முடி ஒன்றை எடுத்துக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் இரு நுனிகளையும் பாருங்கள். ஒரு நுனியில் கடுகை விடச் சிறியதாக வெள்ளைக் குமிழ் ஒன்று தெரிந்தால், அது ஓய்வுப் பருவம் முடிந்து வேரிலிருந்து விழுந்த முடி. குமிழே இல்லாமல் இரு பக்கமும் மொட்டையாக இருந்தால், அது ஒடிந்த முடி. வெள்ளைக் குமிழைப் பார்த்ததும் வேரே போய்விட்டது என்று பதறுகிறவர்கள் பலர். வேர்க்குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இவ்வகை உதிர்வில் தலைமுடியில் பாதிக்கு மேல் போவது அரிது. தொடங்கி ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாக அடங்கும். நெற்றியோரத்தில் படியாமல் நிற்கும் குட்டி முடிகள் தெரியத் தொடங்கினால் திருப்பம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. மட்டுமே வளரும் என்பதால், பின்னல் பழைய கனத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கொட்டுமோ என்று பயந்து குளிக்காமல் இருக்க வேண்டாம். விழவேண்டியவை சேர்ந்து, அடுத்த குளியலில் ஒன்றாக விழுந்து உங்களை இன்னும் கலங்க வைக்கும்.

எல்லாவற்றையும் துக்கத்தின் மேல் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. இந்த ஐந்து மாதங்களில் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டார்களா? ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றோடு ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துக் கையிருப்புப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கையிருப்பு தீர்ந்திருக்கக்கூடும். பெண்களிடம் அடிக்கடி தவறவிடப்படும் காரணம் இது. முட்டை, பருப்பு, சுண்டல், கீரை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். எனக்காக யார் சமைப்பது என்று விட்டுவிடாதீர்கள்.

வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. முடி கொட்டுவதும் உங்களுக்கு நேர்ந்த அதே இழப்பின் பகுதிதான். விபத்துக் காட்சி நினையாமலே கண்முன் வருவது, அந்தச் சாலைப் பக்கமே போக முடியாமல் இருப்பது, ஹாரன் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது, தூக்கம் பிடிக்காமல் போவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக இப்போது மனமில்லை என்றால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவோ பகலோ கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது.

கேள்வி: வயது 29. எலக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. வேலை. அமெரிக்க நேரத்துக்கு ஷிஃப்ட். டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நானோ என்ற பயத்தில் ஓராண்டாகத் தூக்கமில்லை. நெற்றி இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு ஹேர் கிளினிக்கில் ‘ஸ்ட்ரெஸ்தான்’ என்று சொல்லி, பி.ஆர்.பி. ஊசிக்கு (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுவது) ஒரு பேக்கேஜும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். பணம் கட்டலாமா?

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். நோயின் பெயர் என்ன என்று அந்தக் கிளினிக்கில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். நெற்றியின் இரு பக்கமும் ஏறுவதும் உச்சியில் மெலிவதும் ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையின் அடையாளங்கள். ஆண் ஹார்மோனின் ஒரு வடிவத்துக்கு அந்தப் பகுதி முடிக்குழிகள் கூருணர்வு கொண்டிருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி முந்தையதை விடச் சன்னமாகிக்கொண்டே போகிறது. அப்பா வழியில் இல்லையென்றால் அம்மா வழித் தாத்தாவைப் பாருங்கள். வேலைப் பயம் இந்த வழுக்கையை உண்டாக்குவதில்லை. ஆனால் அழுத்தத்தால் தலை முழுவதும் முடி கொட்டும்போது, மெல்ல மெல்லத் தெரியவேண்டிய பரம்பரை வழுக்கை ஒரே ஆண்டில் வெளியே தெரிந்துவிடும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

நிறுவப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. மினாக்ஸிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கொஞ்சம் கூடும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களே அதிகம். குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் தடவாமல் பலனைப் பற்றி முடிவு செய்ய முடியாது. நிறுத்தினால் வந்த பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரை பாலியல் நாட்டத்தையும் மனநிலையையும் சிலரிடம் பாதிக்கும் என்பதால், ஓராண்டாகத் தூக்கமில்லாமல் கலங்கியிருக்கும் நீங்கள் அந்தக் கலக்கத்தையும் மருத்துவரிடம் சொன்ன பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். பி.ஆர்.பி. சிலருக்குப் பயன்படுகிறது, அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

பயோட்டின் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: அதிக அளவு பயோட்டின் உடலில் இருந்தால் தைராய்டு, இதயப் பாதிப்பு ஆகியவற்றுக்கான சில இரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது. இரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். என் மகளுக்கு வயது 13. உச்சியின் இடது பக்கம் ஒரு சொட்டை விழுந்திருக்கிறது. புழுவெட்டு என்று மாமியார் பூண்டு தேய்த்து, தோல் வெந்துபோனதுதான் மிச்சம். போன வாரம் அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பெருக்கியபோது கொத்தாக முடி கிடந்தது. கேட்டால் அழுகிறாள். இந்த ஆண்டுதான் அவளைப் புதுப் பள்ளியில் சேர்த்தோம். என் கணவருக்குத் தெரிந்தால் அவளை அடிப்பார் என்று பயமாக இருக்கிறது.

பதில்: பூண்டை உடனே நிறுத்துங்கள். சொட்டை விழுந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். புழுவெட்டில் தோல் வழவழப்பாக, ஓரம் வட்டமாக இருக்கும். முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகளின் தலையில் அந்த இடம் கோணல்மாணலாக இருக்கும். உள்ளே ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, ஒன்று அப்போதுதான் முளைத்ததாகப் பல அளவில் முடிக்கட்டைகள் இருக்கும். கைக்கு எட்டும் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். இடது கைப் பழக்கமா, எழுதும்போது எந்தக் கை சும்மா இருக்கிறது என்று கவனியுங்கள். கட்டிலுக்குப் பின்னால் கிடந்த முடி இதையே சுட்டுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஹலோப்போ 1889-இல் ட்ரைக்கோட்டில்லோமேனியா என்று பெயரிட்ட இந்த நிலை பெரும்பாலும் உங்கள் மகளின் வயதில்தான் தொடங்குகிறது.

அவள் இதை வேண்டுமென்று செய்யவில்லை. படிக்கும்போதும் தூங்கும் முன்பும் கை தானாகப் போகிறது. பிடுங்கியதும் ஒரு நொடி ஆறுதல். அடுத்த நொடியே வெட்கம். அடித்தால் அந்த வெட்கம் கூடும், கை இன்னும் அதிகமாகப் போகும். தலையை ஒட்ட வெட்டிவிடுவதையும் தண்டனையாகவே அவள் எடுத்துக்கொள்வாள். கை எப்போது போகிறது என்பதை அவளே அடையாளம் கண்டு, அந்த நேரத்தில் முஷ்டியை மூடுவது, வேறொன்றைக் கையில் பிடிப்பது என்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. அதை உளவியல் நிபுணரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

இரண்டு விஷயங்களை மட்டும் தவறாமல் கவனியுங்கள். பிடுங்கிய முடியை அவள் வாயில் போடுகிறாளா, அடிக்கடி வயிற்றுவலி, வாந்தி என்கிறாளா என்று பாருங்கள். விழுங்கிய முடி இரைப்பையில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். மற்றொன்று, புதுப் பள்ளி. இப்பழக்கம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ கொடுமை நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே துருவித் துருவி விசாரிக்காதீர்கள். ஆனால் பள்ளியிலோ வேனிலோ யாராவது துன்புறுத்துவதாக அவள் வாய் திறந்தால், முழுவதையும் கேளுங்கள், நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கணவரிடம் நீங்கள் தனியாகச் சொல்வதை விட, முதல் முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய் மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது.

கேள்வி: ஸ்ரீராம்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். தாடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கும், பின்தலையில் இரண்டு இடத்திலும் முடி வழித்ததுபோல் போய்விட்டது. சலூன்காரர் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிச் சவரம் செய்ய மறுத்துவிட்டார். வண்டிக்கடன் தொல்லையால் வந்தது என்கிறாள் மனைவி. தினமும் சின்ன வெங்காயம் தேய்க்கிறாள்.

பதில்: நீங்கள் சொல்லும் தோற்றம் புழுவெட்டுதான், அது ஒட்டாது. சலூன்காரரிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். அந்த இடத்தில் செதில், அரிப்பு, சீழ் இருந்தால் மட்டும் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம், அது ஒட்டும். புழுவெட்டு என்பது நம் உடலின் எதிர்ப்புச் செல்களே முடிவேரைப் பகையாக எண்ணித் தாக்குவதால் வருவது. நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. ஓரிரு சிறு வட்டங்களாக இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும்.

வெங்காயச் சாறு பற்றி 2002-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது உண்மைதான். தோல் எரியாதவரை உங்கள் மனைவியைத் தடுக்க மாட்டேன்; ஆனால் அதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம். பௌரிங் மருத்துவமனையிலோ விக்டோரியா மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டினால், வட்டத்துக்குள் சிறிய அளவில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுவதும் பரவிவிட்டவர்களுக்கு பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் 2022 முதல் வந்திருக்கின்றன. உங்களுக்கு அது தேவைப்படாது.

கடன் தொல்லை காரணமா என்ற கேள்வியில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ளவர்களுக்கு, எதிர்ப்புச் செல்கள் தன்னுடலையே தாக்கும் நோய்கள் பிறகு சற்று அதிகமாக வருகின்றன என்று ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதற்காக, நீ கவலைப்பட்டதால்தான் வந்தது என்று நோயாளியைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கடனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று எழுதுவது எனக்கு எளிது; மாதத் தவணை கட்டவேண்டியவர் நீங்கள்.

கேள்வி: என் பெயரும் பகுதியும் வேண்டாம். பெங்களூரில்தான் இருக்கிறேன். கோபம் வந்தால் கணவர் தலைமுடியைப் பிடித்து இழுப்பார். பல வருடமாக இப்படித்தான். வலது பக்கம் காதுக்கு மேலே முடியே இல்லை. மற்ற இடத்திலும் எப்போதும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது எண்ணெய் சொல்லுங்கள்.

பதில்: எண்ணெய் எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை பிடுங்கப்பட்ட முடி திரும்ப முளைக்கும். அதே இடத்தில் பல ஆண்டுகள் இழுக்கப்பட்டால் முடிக்குழி தழும்பாகி மூடிக்கொள்ளும். பிறகு எந்த மருந்தும் அதைத் திறக்காது. காதுக்கு மேல் உள்ள இடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தோல் மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு மேலும் அடங்காமல் கொட்டுவதற்கு இரத்தசோகையும் தைராய்டும் காரணமா என்று பார்த்தாக வேண்டும். அவை சரியாக இருந்தால், அடுத்த அடி எப்போது விழும் என்று எந்நேரமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் உடம்பில் முடி எப்படி நிற்கும்? இழுத்ததும் தலைத்தோல் தளதளவென்று வீங்கினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் ‘தானாகக் கொட்டுகிறது’ என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லி, அதை நோயாளிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதியோடு எழுதிய சீட்டு பின்னால் சான்றாக உதவும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் புகாரைப் பதிவு செய்யலாம்; உங்களை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றத்திடம் ஆணை பெறலாம்; மருத்துவ உதவி கேட்டால் மருத்துவமனை மறுக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி எண் 181. அடி விழும் நேரத்தில் அழைக்க 112. உடனே வெளியேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எப்படி என்பதை உங்கள் பாதுகாப்பை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கணவர் உங்கள் கைப்பேசியைப் பார்ப்பவர் என்றால், அழைத்த எண்ணை அழித்துவிடுங்கள்.

கேள்வி: முடி கொட்டுவது நிற்க, திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொள் என்கிறார் அம்மா. மழித்தால் அடர்த்தியாக வளருமா? (வாசகி, கே.ஆர். புரம்)

பதில்: வேண்டுதலுக்காக என்றால் போய்வாருங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். அடர்த்திக்காக என்றால் வேண்டாம். மழிப்பதால் முடிக்குழிகளின் எண்ணிக்கை கூடாது. மழித்த முடியின் நுனி கூர்மையில்லாமல் மொட்டையாக முளைப்பதால் சில மாதங்களுக்குக் கனமாகத் தோன்றும், அவ்வளவுதான். கொட்டுவது எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்பு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.